2 கோடிப் பயனாளிகள், நூற்றுக்கு 17 பேர்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் 2 கோடியாவது பயனாளிக்கு 2024 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில் மருந்துப் பெட்டகம் வழங்கப்பட்டது. அதற்குச் சற்று முன்பாக, 2023-24இல் தமிழ்நாட்டில் நடந்த, தொற்றா நோய்களை வீடு வீடாக அளக்கும் இரண்டாவது ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு, உயர் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் என்று கண்டறிந்தது. இரண்டு எண்களும் உண்மையானவை. முதல் எண் மேடைகளில் பேசப்படுகிறது. இரண்டாவது எண் கருத்தரங்குகளோடு நின்றுவிடுகிறது. பொதுச் சுகாதாரக் கள ஆய்வுகளில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், ஒரு ஆரம்ப நிலை மருத்துவத் திட்டம் இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் சர்க்கரையையும் காக்கிறதா என்று அறிய விரும்புகிறவர்கள் இரண்டாவது எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

திட்டத்தைக் குறைத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இத்திட்டத்தில், சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். மாத்திரைகளை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவரும் நோய்த் தணிப்புச் செவிலியரும் போகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் தொற்றா நோய்கள் குறித்த பணிக்குழு இத்திட்டத்துக்கு விருது வழங்கியது. மாத்திரை வாங்குவதற்காக மாதம் ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்கும் செலவழித்து, ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் நின்ற ஒரு விவசாயக் கூலித் தொழிலாளிக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நேரில் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் ஆறுதல் தருவது ஒன்று, பக்கவாதத்தைத் தடுப்பது வேறொன்று. இரண்டாவதை அறிய வேறு அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோலை நமக்குத் தந்தது ஸ்டெப்ஸ் கணக்கெடுப்புதான். உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி, மாநிலமெங்கும் வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, முதலில் கேள்விகள், பிறகு உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், கடைசியாக ரத்தப் பரிசோதனை என்று மூன்று படிகளாக நடக்கும் ஆய்வு இது. 2020இல் நடந்த முதல் சுற்றில், பெரியவர்களில் நூற்றுக்கு 33.9 பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் 17.6 பேருக்கு நீரிழிவும் இருப்பது தெரிந்தது. அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம், நீரிழிவில் 10.8 சதவீதம். அதாவது பிரஷர் உள்ள 14 பேரில் ஒருவருக்குத்தான் அது அடங்கியிருந்தது. இரண்டாவது சுற்றில் இந்த எண்கள் முறையே ஏறத்தாழ 17 சதவீதமாகவும் 16.7 சதவீதமாகவும் உயர்ந்தன.

இந்தக் கணக்கில் ஒரு முக்கியமான நேர்மை இருக்கிறது. இங்கே வகுக்கும் எண்ணில் இருப்பவர்கள் அரசு மருத்துவமனையில் பதிவு செய்தவர்கள் மட்டுமல்லர். தமக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள், தெரிந்தும் மருந்தைத் தொடாதவர்கள், தனியார் மருத்துவரிடம் போகிறவர்கள், மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்பவர்கள், பாதியில் நிறுத்தியவர்கள் ஆகிய எல்லோரும் அதில் அடக்கம். துணை சுகாதார நிலையத்தின் பதிவேட்டை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் இந்தச் சதவீதம் எளிதில் பல மடங்காகத் தெரியும். ஏனென்றால் அந்தப் பதிவேட்டில் தொடர்ந்து இடம்பெறுபவர்கள் மாதாமாதம் வீட்டில் இருப்பவர்கள், மருந்தைச் சாப்பிடுபவர்கள், செவிலியர் சொன்னதைக் கேட்பவர்கள். இப்படிப்பட்டவர்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்தத் திட்டத்தையும் வெற்றியாகக் காட்டிவிடலாம்.

2017 நவம்பரில் பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களில் 25 மாவட்டங்களில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி இந்தச் சிக்கலுக்கு ஒரு எளிய விடையைக் கையாண்டது. ஒரு காலாண்டில் பதிவானவர்களை ஒரு கூட்டமாக எடுத்துக்கொண்டு, அடுத்த காலாண்டில் அவர்களின் நிலையைப் பார்ப்பார்கள். அளந்து பார்த்ததில் 140/90க்குக் கீழே இருந்தால் கட்டுப்பாடு. மேலே இருந்தால் கட்டுப்பாடில்லை. வராமலே போனால் அவரும் கணக்கிலிருந்து நீங்க மாட்டார், வரவில்லை என்ற தனிக் கட்டத்தில் நிற்பார். வராதவர்களை வகுக்கும் எண்ணிலேயே வைத்திருந்ததால், எந்த நிலையத்தில் நோயாளிகள் நழுவிப் போகிறார்கள் என்பது அலுவலர்களின் கண்ணுக்கு உடனே பட்டது. நம் மாவட்ட ஆய்வுக் கூட்டங்களில் திரையில் ஓடும் அட்டவணைகளில், இதுவரை பயன்பெற்றவர்கள் என்ற திரள் எண்ணிக்கைக்குக் கொடுக்கப்படும் இடம் இந்தக் கட்டத்துக்குக் கொடுக்கப்படுவதில்லை. திரள் எண்ணிக்கை ஒருபோதும் குறையாது. மருந்தை நிறுத்தியவரும் அதில் பயனாளியாகவே இருப்பார், இறந்தவரும் இருப்பார்.

இனி அளப்பதைப் பற்றி. ஒரு வறண்ட வட்டாரத்துக் கிராமத்தில், நூறு நாள் வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பிய ஒரு பெண்ணுக்குத் திண்ணையில் வைத்துத் தன்னார்வலர் அழுத்தம் பார்த்ததை அருகிலிருந்து கவனித்தேன். வெயிலில் நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை; கால் தொங்கிக்கொண்டிருந்தது; ரவிக்கைக் கையின் மேலேயே பட்டை சுற்றப்பட்டது; அளந்துகொண்டிருக்கும்போதே பேரன் ரேஷன் கடைக்குப் போய்விட்டானா என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். கருவி 156/94 என்று காட்டியது. “உக்காந்து கொஞ்சம் தண்ணி குடிங்க அக்கா, அப்புறம் ஒரு தடவ பாப்போம்” என்று தன்னார்வலர் சொல்லி, பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடி பார்த்தபோது 138/86. எதை எழுதுவது? அவர் இரண்டாவதை எழுதினார், அது சரியான முடிவும்கூட. ஆனால் அன்று அவருக்கு இன்னும் பல வீடுகள் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் இப்படிக் காத்திருக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்டெப்ஸ் முறையில் உட்காரவைத்து, மூன்று முறை அளந்து, கடைசி இரண்டின் சராசரியை எடுக்கிறார்கள். திண்ணையில் எடுத்த ஒற்றை அளவையும் அந்தச் சராசரியையும் ஒரே அட்டவணையில் ஒப்பிடக் கூடாது.

பதிவேடுகளைப் புரட்டும்போது இன்னொன்றும் கண்ணில் படும். எண்கள் பூஜ்யத்தில் முடிவதை விரும்புகின்றன. 130/80, 130/80, 120/80 என்று பக்கம் முழுவதும் இறங்கிக்கொண்டே வரும். டிஜிட்டல் கருவி 137 என்றும் 133 என்றும் காட்டக்கூடியது. கை எழுதும்போது அது உருண்டையாகிவிடுகிறது. 140 என்ற கோட்டுக்குச் சற்றுக் கீழே நோயாளிகள் குவிந்தும், சற்று மேலே இடம் வெறிச்சோடியும் இருந்தால், அங்கே மருந்து மட்டும் வேலை செய்யவில்லை என்று பொருள். இதற்காகத் தன்னார்வலரைக் குறை சொல்லிப் பயனில்லை. இலக்கை அடையாத நிலையத்தைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கும் பழக்கம் இருக்கும் வரை இந்தக் குவியலும் இருக்கும். கருவியிலிருந்து எண் நேராகத் திட்டத்தின் கைபேசிச் செயலிக்குப் போகும்படி செய்தால் பாதிச் சிக்கல் தீரும்.

சர்க்கரையில் கதை இன்னும் கடினம். விரலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் அந்த வேளையின் நிலையைத்தான் சொல்லும். தன்னார்வலர் வரும் நாள் தெரிந்தால் முந்தின இரவு சோற்றைக் குறைத்துக்கொள்கிற சாமர்த்தியசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு. மூன்று மாத நிலையைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு ஆய்வகம் வேண்டும், செலவும் அதிகம். இரண்டு சுற்றுகளுக்கு இடையே ரத்த அழுத்தக் கட்டுப்பாடு இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தும், நீரிழிவுக் கட்டுப்பாடு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக மட்டுமே உயர்ந்தது என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. அழுத்தத்துக்கு அம்லோடிபின் ஒன்று, போதாவிட்டால் டெல்மிசார்ட்டன் என்று ஒரு நேர்கோட்டு நெறிமுறையில் செவிலியரே நோயாளியைக் கொண்டுசெல்ல முடியும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போதாதபோது அடுத்த படி, அதற்கடுத்து இன்சுலின், நடுவில் மூன்று வேளையும் அரிசி என்று ஒவ்வொரு திருப்பத்திலும் மருத்துவரின் கண் தேவைப்படுகிறது.

இப்போது மிகவும் தொல்லையான கேள்விக்கு வருகிறேன். 7.3 என்பது 17 ஆனது மக்களைத் தேடி மருத்துவத்தாலா? இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே கொரோனா வந்துபோனது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துக் கொள்முதலைச் செய்துகொண்டே இருந்தது. 2012 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இயங்கிவந்த தொற்றா நோய்ப் பிரிவுகளும் இருந்தன. தனியார் மருத்துவமும் மக்களின் விழிப்பும் அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கவில்லை. முன்னும் பின்னும் மட்டும் பார்க்கும் ஆய்வில் இவற்றைப் பிரித்தெடுக்க வழியில்லை.

அதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. ஒரு நாள் அளவு அதிகமாக இருந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, சில மாதம் கழித்து மறுபடி அளந்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் அவர்களின் சராசரி இறங்கியிருக்கும். முதல் நாளின் தற்செயலான உச்சம் இரண்டாம் நாளில் அதே போல் அமையாது என்பதே காரணம். எந்த அளவுக்கு இறங்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஹரியானாவிலும் கர்நாடகத்திலும் 40 சமுதாய நல மையங்களில் நடந்த எம்வெல்கேர் ஆய்வில், சிகிச்சை முடிவுக்கு வழிகாட்டும் மின்னணுக் கருவி செவிலியர்களுக்குத் தரப்பட்ட மையங்களிலும் தரப்படாத மையங்களிலும் ரத்த அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கணிசமாக இறங்கியது. இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஒப்பீட்டுக்கு மற்ற மையங்கள் இல்லாமல் போயிருந்தால், அந்தக் கருவி பெருவெற்றி என்று கொண்டாடப்பட்டிருக்கும். இரண்டு பக்கமும் செவிலியர்கள் பயிற்சி பெற்றிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கொலம்பியாவிலும் மலேசியாவிலும் 30 சமுதாயங்களில் நடந்து 2019இல் வெளியான ஹோப்-4 ஆய்வும் இதையே காட்டுகிறது. மருத்துவர் அல்லாத பணியாளர்கள், இலவச மருந்து, குடும்பத்தில் ஒருவர் துணை என்ற மூன்றும் சேர்ந்த பகுதிகளில், அடுத்த பத்தாண்டில் இதய நோய் வருவதற்கான இடரைக் கணிக்கும் மதிப்பெண் 11.2 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பகுதிகளிலும் அது 6.4 புள்ளிகள் குறைந்தது. ஆகவே திட்டத்தின் உண்மையான பங்கு ஐந்துக்கும் சற்றுக் குறைவு. அது சிறிய பங்கல்ல, ஆனால் 11.2 என்று சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும்.

நமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் கிராமப்புறங்களில் நடந்த கோப்ரா ஆய்வு. அங்கும் 30 சமுதாயங்கள், 2,645 பேர், அரசின் சமுதாய சுகாதாரப் பணியாளர்களே வீடு தேடிச் சென்று அழுத்தம் பார்த்து, அறிவுரை சொல்லி, தேவைப்பட்டவர்களைப் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒப்பீட்டுப் பகுதிகளைவிட அழுத்தம் சராசரியாக 5.2 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கியிருந்தது. வீடு தேடிப் போகும் முறை நம் போன்ற ஊர்களில் பலன் தரும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று இதுதான். மக்களைத் தேடி மருத்துவமும் இந்த அளவுக்குப் பலன் தந்திருக்கக்கூடும் என்று நம்ப இடமிருக்கிறது. 2021இல் திட்டம் வட்டாரம் வட்டாரமாக விரிவடைந்தபோது, எந்த வட்டாரம் முதலில், எது அடுத்தது என்ற வரிசையைக் குலுக்கலில் முடிவு செய்து, காத்திருந்த வட்டாரங்களிலும் அதே கருவியால் அளந்திருந்தால், நம்பிக்கைக்குப் பதிலாகக் கணக்கே கையில் இருந்திருக்கும். எந்தக் குடும்பத்துக்கும் கூடுதல் தாமதம் ஏற்பட்டிருக்காது, ஏனென்றால் எப்படியும் வரிசையாகத்தான் விரிந்தது. அரசுகள் இதை ஏன் செய்வதில்லை என்பது தனிப் பதிவுக்கான விஷயம்.

ஒன்றை மட்டும் அரசின் பக்கம் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019இல் உலக வங்கியோடு 28 கோடியே 70 லட்சம் டாலருக்குச் செய்துகொண்ட சுகாதாரச் சீர்திருத்த ஒப்பந்தத்தில், பணம் விடுவிப்பதற்கான நிபந்தனைகளில் ஒன்றாக ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவருவதும் சேர்க்கப்பட்டது. கட்டிடம் எத்தனை, கருவி எத்தனை என்று கேட்ட காலத்திலிருந்து இது பெரிய மாற்றம். ஸ்டெப்ஸ் போன்ற ஒரு கணக்கெடுப்பை மாநில அளவில் இரண்டு சுற்று நடத்தி, 7.3 என்ற சங்கடமான எண்ணை மறைக்காமல் வெளியிட்டதும் பாராட்டத்தக்கதே.

கட்டுக்குள் வராதவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் ஆண்கள். தன்னார்வலர் வரும் நேரத்தில் அவர்கள் வீட்டில் இருப்பதில்லை. இருந்தாலும் “எனக்கு என்னம்மா, நல்லாத்தானே இருக்கேன்” என்று கையை நீட்ட மாட்டார்கள். மாலையில் குடிக்கிறவர்கள், மாத்திரையும் சாராயமும் சேரக் கூடாது என்ற பயத்தில் மாத்திரையை விடுகிறார்கள், சாராயத்தை விடுவதில்லை. 2024இல் தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவம் இந்த ஓட்டையை அடைக்கும் முயற்சி. ஆனால் தொழிற்சாலை வாசலுக்குப் போனால் ஆலைத் தொழிலாளி கிடைப்பார். கொத்தனாரும் லாரி ஓட்டுநரும் சுமை தூக்குபவரும் அங்கே கிடைக்க மாட்டார்கள். திட்டத்தை மதிப்பிடும் அட்டவணையில் ஆண், பெண் என்று இரண்டு வரிசையாகக் கட்டுப்பாட்டு விகிதத்தைப் போட்டாலே விவாதத்தின் திசை மாறிவிடும்.

தடுப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் வீடு தேடிப் போகும் திட்டம் பெரிதும் நோய் வந்தவர்களுக்கானது. தடுக்க முடியும் என்பதைச் சென்னையிலேயே நிரூபித்துவிட்டார்கள். 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் வாசலில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தபோது, சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. உணவும் நடையும் மாறும்படி தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39.3 சதவீதத்தினருக்கே வந்தது. இதையே ஊர்மக்கள் குழுக்கள் மூலம், செலவு குறைவாகச் செய்து பார்த்த கேரள ஆய்வில், நோய் வந்தவர்கள் மற்ற பகுதிகளில் 17.1 சதவீதம், குழுக்கள் இயங்கிய பகுதிகளில் 14.9 சதவீதம் என்ற சிறிய வேறுபாடுதான் கிடைத்தது. அது தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே நின்றது. மருத்துவமனை வல்லுநர்கள் நேரடியாகச் செய்தபோது கிடைத்த பலன், ஊருக்குள் இறங்கும்போது கரைகிறது. நம் திட்டத்தில் தன்னார்வலர் உப்பைக் குறையுங்கள், நடங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் சில நிமிடங்களுக்குத் தடுப்பு என்று பெயர் வைத்து அதன் பலனையும் கணக்கில் சேர்ப்பது சரியாக இருக்காது.

இத்தனைக்கும் பிறகு, அழுத்தமும் சர்க்கரையும் வழியில் வரும் அடையாளங்கள்தான். கடைசியில் கேட்க வேண்டியது பக்கவாதமும் மாரடைப்பும் குறைந்தனவா என்பதே. சீனத்தின் 326 கிராமங்களில், ஏறக்குறைய 34 ஆயிரம் பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2023இல் வெளியான ஆய்வில், கிராம வைத்தியர்களே மருந்தைத் தொடங்கி அளவை உயர்த்திய ஊர்களில் ஆண்டுக்கு 1.62 சதவீதத்தினருக்கும், மற்ற ஊர்களில் 2.40 சதவீதத்தினருக்கும் இதய, ரத்தக் குழாய் நிகழ்வுகள் நேர்ந்தன. எண்ணிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், யார் விழுந்தார், யார் இறந்தார் என்பதைத் தேடிப் போய்ப் பதிவு செய்ததுதான். இங்கே பயனாளி ஒருவர் இறந்துவிட்டால் செயலியின் நடப்புப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்குகிறது, காரணம் நிற்பதில்லை. வீட்டில் நடக்கும் சாவுகளில் பலவற்றுக்கு மருத்துவக் காரணச் சான்றே கிடையாது. தம் தெருவில் யார் எப்படி இறந்தார் என்பது தன்னார்வலருக்கு நன்றாகவே தெரியும். பெயரை நீக்கும் அந்த இடத்தில், நெஞ்சுவலியா, ஒருபக்கம் விழுந்ததா, வேறு காரணமா, இறப்பதற்கு முந்தைய மாதம் மருந்து எடுத்தாரா என்ற சில கேள்விகளைச் சேர்த்து, அவற்றைக் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டாரிடம் விசாரித்து உறுதி செய்யும்படி செய்தால், அடுத்த ஸ்டெப்ஸ் சுற்று வரும்போது கட்டுப்பாட்டு விகிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு எண் நம்மிடம் இருக்கும்.